டாங்கின் வலப்பக்க ஒடுக்கு

செப்டம்பர் 14, ஞாயிறு

ஐந்து வாரமாகச் செழியனின் வண்டி கீழே நிற்கிறது. மூடி வைத்த தார்ப்பாயையும் எந்தப் புண்ணியவானோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். பெட்ரோல் டாங்கின் வலப்பக்கம், தேங்காய் மூடியை வைத்து அமுக்கினாற்போல் ஒடுக்கு. பால்கனியில் நின்றாலே தெரிகிறது. டெல்லியின் இந்த மோதி பாக் குவார்ட்டர்ஸில் எல்லோரும் அதை நின்று பார்த்துவிட்டுத்தான் பால் வாங்கவே போகிறார்கள். இரண்டாம் மாடி ஜகந்நாதன், "பையன் எப்படி சார் இருக்கான்?" என்று கேட்கும்போதும் கண் வண்டிமேல்தான்.

எப்படி இருப்பான்? வலது கால் முட்டிக்குக் கீழே இல்லாமல், இருபத்து நாலு வயதில், எப்படி இருப்பான்?

செப்டம்பர் 16

இன்றும் அதையேதான் சொன்னான். "நான் விழலப்பா. ஒயிட் கார். ரைட் சைட்லேந்து வந்து இடிச்சுட்டு ஓடிட்டான்."

நம்பர் என்ன? யார் பார்த்தது? போனை நோண்டிக்கொண்டே ஓட்டுகிறவன் என்று எனக்குத் தெரியாதா? டிவைடரில் மோதியிருப்பான். அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் சாப்பிடவில்லை. அவன் அம்மா பூங்கோதை தட்டை எடுத்துக்கொண்டு போனாள், என்னைப் பார்க்காமல்.

விபத்து நடந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரரிடம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'என் மகன் தானாகவே நிலை தடுமாறி விழுந்தான், யார் மீதும் புகார் இல்லை.' அவன் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தான். முப்பது வருஷம் அமைச்சகத்தில் குறிப்பு எழுதிய கை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எழுதிக் கொடுக்காவிட்டால் வண்டியை ஸ்டேஷனில் போட்டுத் துருப்பிடிக்க விட்டிருப்பார்கள். கோர்ட்டுக்கு நடையாய் நடக்கவேண்டும். நான் செய்தது சரிதான்.

செப்டம்பர் 20, சனி

பத்து நாளில் ஆயுத பூஜை. ஒடுக்கு விழுந்த வண்டிக்கா சந்தனம் வைப்பது? கரோல் பாக் போய்ப் புது டாங்கு வாங்கி, பெயிண்டர் சலீம் பாயிடம் கொடுத்துவிட்டேன். பழசைக் கழற்றிக் கலர் பார்த்துக்கொண்டார். கறுப்பிலேயே நாலு கறுப்பு இருக்கிறதாம். "பழச என்ன பண்ணட்டும்?" என்றார். பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரனிடம் போட்டுவிடுங்கள், என் கண்ணில் படக்கூடாது என்றேன்.

பூங்கோதை ஒன்றே ஒன்று கேட்டாள். "யாரு ஓட்டப்போறான்னு இதெல்லாம்?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

செப்டம்பர் 25

முதல் பூச்சு காய்கிறது. மழை வராமல் இருக்கவேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

டாங்கு தயார். கறுப்பில் மெல்லிய சிவப்புக் கோடு, மேலே லேக்கர், பாலிஷ். குனிந்தால் என் முகம் தெரிந்தது. ஏழு வாரத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். எழுதக் கூசுகிறது.

சலீம் பாய் கையைத் துடைத்துக்கொண்டே இந்தியில் கேட்டார், அந்தக் கார்க்காரன் பிடிபட்டானா என்று.

எந்தக் கார்?

தானாக விழுந்தால் டாங்கு சிராய்க்குமாம், இப்படி உள்ளே போகாதாம். பக்கத்திலிருந்து ஏதோ வந்து இடித்திருக்கிறது. ஒடுக்குக்குள் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. கார் பெயிண்ட். இருபது வருஷமாக இதைத்தானே பார்க்கிறேன் என்றார்.

பழைய டாங்கு எங்கே என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமையே போய்விட்டது. கபாடிக்காரனைத் தேடி ஓடினேன். நசுக்கி, மூட்டையோடு மூட்டையாக மாயாபுரி இரும்புச் சந்தைக்கு அனுப்பிவிட்டானாம்.

ஐயோ. அஞ்சு வாரம் வாசல்லயே நின்னுதே. ஒருநாள் கிட்டக்கப் போய் நான் பாக்கலியே. ஒரு போட்டோ எடுக்கலியே. புள்ள வாயால சொன்னானே, தெனம் சொன்னானே—

அக்டோபர் 1, ஆயுத பூஜை

வண்டிக்குப் பொட்டு வைத்தேன். மாலை போடக் கை வரவில்லை. உள்ளே போய்ச் செழியன் கட்டிலருகே நின்றேன்.

"நீ சொன்னது நெசம்டா. கார்தான் இடிச்சிருக்கு. டாங்குல வெள்ளப் பெயிண்ட் இருந்துதாம். சலீம் பாய் சொன்னார்."

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். "நான் சொன்னா நம்ப மாட்டீங்க. பெயிண்டர் சொன்னா நம்புவீங்க." அப்புறம், "அந்த டாங்கு எங்க?"

சொன்னேன். போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 6

ஸ்டேஷனுக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். என் கடிதம். நீங்களே இப்படி எழுதியிருக்கிறீர்கள், இப்போது கார் என்கிறீர்கள், நம்பர் என்ன, யார் பார்த்தது என்றார். செப்டம்பரில் நான் செழியனிடம் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசையில். எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 27

பூங்கோதை தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். கூப்பிடும் துணிவு எனக்கு இல்லை.

டிசம்பர் 4, வியாழன்

செழியனுக்குச் செயற்கைக் கால் அளவெடுக்கப் போனோம். அளவெடுக்கிற பெண் சின்ன வயது, கலகலப்பாகப் பேசினாள். படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு, விபத்து எப்படி நடந்தது என்று இந்தியில் கேட்டாள்.

இதற்காகவே காத்திருந்தவன்போல நான் ஆரம்பித்தேன். "ஒரு வெள்ளைக் கார்—"

"நானேதான் விழுந்தேன்" என்றான் செழியன், அவளிடம், இந்தியில். குரலில் கோபம்கூட இல்லை.

இல்லையம்மா, அப்படி இல்லை என்று நான் குறுக்கே போனேன். அவன் என் பக்கம் திரும்பித் தமிழில், மெதுவாக, "விடுங்கப்பா. எத்தன பேர்கிட்டதான் சொல்றது?" என்றான்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு அவன் சொன்னதை எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனாள்.