இறங்கும் கிலோ

மார்ச் 3, திங்கள்
ஊரில் வயது வந்தவர்களின் எலும்பு, மூட்டு, தசை எல்லாம் எப்படி இருக்கின்றன என்று வீடு வீடாகப் போய் அளப்பது என் வேலை. கையால் அழுத்தினால் பிடியின் பலத்தைக் கிலோவில் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. காலையில் கிளம்புமுன் அதை நாங்களே அழுத்திப் பார்க்க வேண்டும். அவரவர் கை தினமும் ஏறக்குறைய ஒரே கிலோவைக் காட்டும். மாறினால் கருவியில் கோளாறு. என்னுடையது ஒரு மாதமாக இறங்கிக்கொண்டே வருகிறது. "ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்மா, புதுசு கேட்டிருக்கேன்" என்றார் மேற்பார்வையாளர். தலையாட்டினேன்.

மார்ச் 5
என் பாப்பாவின் மருந்துப் புட்டியைப் பல்லால் கடித்துத் திறந்தேன்.

மார்ச் 8
சலவைக்கடை அம்மா கருவியை வாங்கிக்கொண்டு, "துணி பிழிஞ்ச கை இது. ஒடஞ்சா என்னைக் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். முள் விர்ரென்று ஏறியது. தளர்ந்த ஸ்பிரிங் அவளுக்கு மட்டும் எப்படி ஏறும்? நான் தரையிலிருந்து எழச் சுவரைப் பிடித்தேன். "நீயே இப்படின்னா எங்களை எதுக்கு அளக்க வந்தே?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 11
குளிப்பாட்டும்போது பாப்பா நழுவிவிட்டாள். தொட்டியின் விளிம்பில் இடிக்கவில்லை, அவ்வளவுதான். "கவனம் எங்க இருக்கு உனக்கு?" என்று என் கணவர் கத்தினார். கவனம் இருக்குங்க, கைதான் இல்ல — சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவளை என்னிடம் தரமாட்டார்கள். இது என்ன நோய்? இன்னும் எவ்வளவு இறங்கும்?

மார்ச் 14
புதுக் கருவி வந்தது. மேற்பார்வையாளரே பெட்டியைப் பிரித்தார். அழுத்தினேன். அதே கிலோ. அவர் அழுத்தினார். அவருக்குச் சரியாக ஏறியது.

"சார், பழைய கருவி குறைச்சுக் காட்டுதுன்னு நான் அளந்த வீடுகளுக்கெல்லாம் கிலோவைக் கூட்டிப் போட்டுடாதீங்க. அது சரியாத்தான் காட்டிச்சு."

"அதை விடும்மா. அந்த நாற்காலில உக்காரு. கையை ஊனாம எழுந்திரு பாப்போம்."

முடியவில்லை.

"மாடி ஏறும்போது தொடை வலிக்குதா? இடுப்பு?" வீடுகளில் நான் கேட்கும் அதே கேள்விகள், அதே குரல். ஆமாம் ஆமாம் என்று அழுதேன்.

மார்ச் 19
இரத்தத்தில் வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கிறதாம். அதனால் எலும்பு மென்மையாகியிருக்கிறது, தசைக்கும் பலமில்லை. "பயப்பட ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும். மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் குழந்தையைத் தூக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

ஒண்ணுமில்லையாம். தூக்கக் கூடாதுன்னா அப்புறம் என்ன ஒண்ணுமில்ல?

மார்ச் 27
பாப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அழுது அழுது அவள் குரல் கம்மிவிட்டது. என் மாமியார், "வாடி தங்கம், அம்மாவுக்குக் கை சரியில்ல" என்று தூக்கிக்கொண்டு போனார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 10
மாத்திரை. வெயிலில் உட்கார்ந்தேன். வேறொன்றுமில்லை.

மே 4, ஞாயிறு
இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் பாப்பா கையைத் தூக்குவதில்லை. இன்று கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். தவழ்ந்து வந்து, முழங்காலைப் பிடித்து, ஒருமுறை சறுக்கி, முக்கி முனகித் தானாகவே மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கிவிட்டாள்.