உன் பைனாகுலர் அவளுக்கு, என் ஸ்கோப் எனக்கு

கோபம் இன்னும் ஆறவில்லை என்றாலும், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உன்னைவிட்டால் வேறு ஆள் இல்லாததால், என் அக்காவுக்கு,

நீ போய் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதாததற்குக் காரணம் துக்கம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உனக்குத் தெரியும், அது பொறாமை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து, உன் பைனாகுலரை எடுத்து, எல்லோர் முன்னாலும் ரேணுகா கையில் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மறுநாளே கேட்டுவிட்டேன். "கூடப் பொறந்தவ நான் இருக்கேன், அவ யாரு பாவா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "உங்க அக்காதாம்மா ஆஸ்பத்திரில சொல்லிச்சு, அத ரேணுகாவுக்குக் குடுத்துடுன்னு. நான் இன்னா செய்யட்டும்?" என்றார். உன் பட்டுப்புடவை இரண்டையும் எனக்குக் கொடுக்கச் சொன்னாயாம். புடவை யாருக்கு வேண்டும் அக்கா?

ரேணுகா யார் என்று இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கனகம்மாசத்திரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவள். நீ பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது, கடை வாசல் ஒயரில் கூடு கட்டியிருந்த தேன்சிட்டைக் காட்டினாளாம். அன்று பிடித்த சிநேகம். எட்டு வருடம், ஞாயிறு தவறாமல், அவள் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து பள்ளிப்பட்டு சாலையில் இருக்கும் ஏரிக்குப் பறவை பார்க்கப் போனாய். ஆறு நாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு, ஏழாம் நாள் ரேணுகா. அவளும் உன்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட எனக்கு மட்டும்தான் உரிமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ என்னைக் கூப்பிடவே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். எத்தனை முறை கூப்பிட்டாய்! "வாடி மல்லிகா, ஒரு தபா வந்து பாரேன்." நான் தையல் மெஷினை நிறுத்தாமலே, "வேலவெட்டி இல்லாதவங்க குருவி பாத்துகினு இருங்க, எனக்கு எட்டு ஜாக்கெட்டு நிக்குது" என்பேன். நீ ஒருமுறைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. நாலாவது வருடம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய், அவ்வளவுதான். கூப்பிடவில்லையே என்று அதற்கும் நான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஆடிக்கிருத்திகைக்கு மஞ்சள் துணி தைத்த காசைத் தொடாமல் வைத்திருந்தேன். அவளிடம் பைனாகுலர் என்றால், என்னிடம் அதற்கும் மேல் ஒன்று இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். போனில் தேடியதில் ஸ்பாட்டிங் ஸ்கோப் கிடைத்தது. மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கண்ணால் பார்க்கிற குழாய். பைனாகுலர் எட்டு மடங்கோ பத்து மடங்கோ பெரிதாகக் காட்டினால், இது இருபதில் தொடங்குகிறது. எனக்கு அது போதவில்லை. எண்பது மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்த மலிவான ஒன்றை வரவழைத்தேன். மொட்டை மாடியிலிருந்து மலைக்கோயிலைப் பார்த்தால், கோபுரம் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குகிறது. அதுவும் புகை படிந்த கோபுரம். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டேன். நீ இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய்?

அப்புறம்தான் மின்சார ரயில் ஏறி, பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய கேமரா கடைக்குப் போனேன். பதினைந்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று வாசலிலேயே சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். "மடங்கப் பாக்காதீங்கம்மா. முன்னாடி கண்ணாடி எவ்ளோ அகலம்னு பாருங்க, அதான் வெளிச்சம் குடுக்கும்" என்று இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று எண்பது மில்லிமீட்டர், இன்னொன்று அறுபத்தைந்து. பெரியதை வாங்கினால் ஸ்டாண்டுக்குக் காசு மிஞ்சாது. "அத வாங்கி ஆடுற ஸ்டாண்டுல வெச்சீங்கன்னா வேஸ்ட்டு" என்றார். இதை எனக்கா சொல்ல வேண்டும்? மேஜை ஆடினால் எந்த மெஷினும் நேராகத் தைக்காது.

நான் என் வழியில் சோதித்துப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் ஒரு துணிக்கடை பொம்மைக்கு ஜாக்கெட் போட்டிருந்தார்கள். கழுத்துப் பட்டியில் தையலை எண்ண முடிகிறதா என்று பார்த்தேன். சின்ன ஸ்கோப்பில், இருபது மடங்கில், ஒவ்வொரு தையலும் தெரிந்தது. மடங்கைக் கூட்ட முழுக்கத் திருகினால் கலங்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பார்ப்பதற்கு, கண் வைக்கும் இடத்து ரப்பரை மடக்கிக்கொள்ளலாம் என்று காட்டினார். கைமாறிய பொருள்தான். மேலே ஒரு கீறல், கண்ணாடியில் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் அவர் கேட்டதில்தான் மாட்டிக்கொண்டேன்.

"இதுலயே நேரா பாக்கறது இருக்குது, கண்ணு வெக்கற எடம் மேல சாஞ்சது இருக்குது. நீங்க ஒருத்தர்தானா, கூட யார்னா பாப்பாங்களா? உயரம் வேற வேறன்னா சாஞ்சது வாங்குங்க. குள்ளமா இருக்கறவங்களுக்கு ஏத்த மாதிரி வெச்சா, நெட்டையா இருக்கறவங்க லேசா தலய குனிஞ்சா போதும்."

ரேணுகா என்னைவிட ஒரு சாண் உயரம். அது எனக்கு நன்றாகத் தெரியும். "நான் மட்டும்தாங்க" என்றேன். நேரானதையே வாங்கினேன். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குப் பறவை இருக்கும் இடத்தைப் பிடிக்க அதுதான் சுலபம் என்று அவரும் சொன்னார். அந்தச் சாக்கு எனக்குப் போதுமாக இருந்தது.

போன ஞாயிறு காலை பஸ் பிடித்து ஏரிக்குப் போனேன். கரையில் ரேணுகா நிற்கிறாள், கழுத்தில் உன் பைனாகுலர். பட்டை அறுந்த இடத்தில் நீ போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவளோ முகமெல்லாம் சிரிப்பாக, "மல்லிகா! வந்துட்டீங்களா!" என்றாள். நீ கூப்பிட்டு நான் வராத கதையெல்லாம் அவளுக்குத் தெரியும்தானே? நான் ஒரு தலையசைப்போடு தள்ளிப் போய், ஸ்டாண்டை என் உயரத்துக்கு நிறுத்தி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தேன்.

நடு ஏரியில் ஒரு கோரைத் திட்டு இருக்கிறதே, வெறும் கண்ணுக்கு அது ஒரு பச்சைக் கறை. ஸ்கோப்பில் அதன் ஓரமாக ஒரு முக்குளிப்பான் நீந்திக்கொண்டிருந்தது. அதன் முதுகு இறகு அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னத் தலை, கோடு போட்ட தலை, எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அது பாட்டுக்குப் போகிறது. என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"இன்னா? இன்னா தெரியுது?" என்று ரேணுகா ஓடி வந்தாள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"நெஜமாவா? அக்கா எட்டு வருஷமா அதுக்குத்தாங்க காத்துகினு இருந்தாங்க. அந்தக் கோரையில கூடு இருக்குது, குஞ்சு முதுகுல ஏறும்னு சொல்லிகினே இருப்பாங்க. இதுல ஒரு தபாகூட தெரியல." உன் பைனாகுலரைத் தொட்டுக் காட்டினாள். அப்புறம் மெதுவாக, "நான் பாக்கலாமா?" என்றாள்.

நான் விலகிக்கொண்டேன். என் உயரத்துக்கு வைத்த ஸ்டாண்டு, நேரான குழாய். அவள் காலை அகட்டி, முட்டியை மடக்கி, தொடையில் கையை ஊன்றி எப்படியோ கண்ணை வைத்தாள். நாளெல்லாம் கடையில் நிற்கிறவளின் முட்டி, நடுங்கியது. "ஸ்டாண்டை உயர்த்தட்டுமா" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. அப்படியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "பாத்துட்டோம்க்கா, பாத்துட்டோம்" என்று அழுதாள். அந்த அக்கா நான் இல்லை.

அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது, உன்னிடம் எதற்குப் பொய்? உன் எட்டு வருட ஞாயிறும் அவளிடம் இருக்கிறது. என் காசுக்கு அது எந்தக் கடையில் கிடைக்கும்? ஆனால் பிறந்ததிலிருந்து முதல்தடவையாக, நீ பார்க்காத ஒன்றை நான் பார்த்துவிட்டேன் அக்கா. சின்ன வயதாக இருந்தால் ஓடி வந்து உன்னை வெறுப்பேற்றியிருப்பேன். இப்போது யாரிடம் போய்ச் சொல்வது? நீ கூப்பிட்ட ஏதோ ஒரு ஞாயிறு, அந்த ஜாக்கெட்டுகளை அப்படியே வைத்துவிட்டு வந்திருந்தால், நாம் மூன்று பேரும் சேர்ந்து இந்த ஸ்கோப்பை எப்போதோ வாங்கியிருக்க மாட்டோமா? நீ பார்த்திருக்க மாட்டாயா?

வருகிற ஞாயிறு ஸ்டாண்டை ரேணுகாவின் உயரத்துக்கு நிறுத்துகிறேன். முதலில் அவள் பார்க்கட்டும். நான் என் தையல் கடையிலிருந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், ஏறி நின்று பார்த்துக்கொள்கிறேன். இனி எந்த ஞாயிறையும் தவறவிட மாட்டேன். அவள் உன்னை அக்கா என்று கூப்பிடுவதையும் பொறுத்துக்கொள்கிறேன், சத்தியமாக. இந்தக் கடிதத்தின் கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் அவளுக்குப் பங்கு கிடையாது.

உன் ஒரே தங்கை,
மல்லிகா
திருத்தணி