துவாயை எடுத்தால் நிறுத்து

திருகோணமலை
4.8.1973

அன்புள்ள ஸைனுலாப்தீன் நானாவுக்கும், இதை அவருக்கு வாசித்துக் காட்டப் போகும் மகள் அசனாவுக்கும்,

நிக்கலஸ் எழுதுகிறேன். வேறு யாரிடமோ சொல்லி எழுதுவித்த கடிதம் என்று நினைக்க வேண்டாம். இது என் கை. எழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும். அசனா, வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார். என் மனுசி மக்டலின் அப்படித்தான் வாசிக்கிறாள்.

நாங்கள் இங்கே சுகம். பாண் வாங்கப் பேக்கரியில் விடியவே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. புத்தளத்திலும் அப்படித்தான் என்று கேள்வி. நானா கண்ணுக்கு மருந்து விடுகிறாரா? மருந்து எரிகிறது என்று சொல்லி ஒளித்து வைப்பார். அலுமாரிக்குப் பின்னால் தேடிப் பார்.

இனி விசயம். துறைமுகத்தில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. தை மாதம் முதல் லைசன்ஸ் இல்லாதவன் கிரேனில் ஏறக் கூடாது. லைசன்ஸுக்குச் சோதனை உண்டு. முதலில் எழுத்துச் சோதனை, பிறகு கிரேனில் ஏற்றி ஓட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். தோற்றவனுக்குக் கிட்டங்கி கூட்டுகிற வேலை. நானா, இருபது வருடத்துக்கு மேலாக நான் மேலே கிரேன் கூட்டுக்குள் இருந்தேன், நீங்கள் கீழே ஜெட்டியில் நின்று எனக்குக் கை காட்டினீர்கள். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட நீங்கள்தான் எனக்கு வாசித்துச் சொன்னீர்கள். ஐம்பத்தேழு வயதில் எனக்கு எழுத்துச் சோதனை என்றால் எப்படி இருக்கும்?

சட்டத்தை அறிவித்த அன்று வீட்டுக்கு வந்து சட்டையும் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். மக்டலின் விசாரித்தாள். சொன்னேன். எழுத்து என்ன கடல் மண்ணோ எண்ண ஏலாமல் கிடக்கிறதுக்கு, எழும்பி முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ என்றாள். அவள் சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அம்மா, ஆடு என்று தொடங்குகிற வயது உங்களுக்குப் போயிட்டுது என்று சொல்லி, துறைமுகத்தில் தந்த சோதனைப் புத்தகத்திலிருந்தே நேரே தொடங்கிவிட்டாள். நான் முதன்முதலில் எழுதிய சொல் கொக்கி.

எழுத்து பிடிபட்ட பிறகு எனக்கு வீதியால் நடக்க முடியவில்லை நானா. சுவர்கள் எல்லாம் கதைக்கின்றன. ஓர்ஸ் ஹில்லில் ஒரு மதில் இங்கே நோட்டீசு ஒட்டாதே என்று இவ்வளவு காலமும் கத்திக்கொண்டு இருந்திருக்கிறது. குச்சவெளி பஸ் வந்தால் யாரையும் கேட்பதில்லை, நானே வாசிக்கிறேன், பஸ் எனக்குத் தேவையில்லாவிட்டாலும் வாசிக்கிறேன். ஆனால் ஒரு கதை கேளுங்கள். ஜெட்டியில் கிரேன் நிழலில் நீங்களும் நானும் தினமும் குந்தியிருந்து தேத்தண்ணீர் குடித்த இடத்தில், தலைக்கு நேரே ஒரு பலகை இருக்கிறதே. நேற்றுத்தான் அதை வாசித்தேன். தலைக்கு மேல் பாரம், இங்கே நிற்காதே என்று இருக்கிறது. உங்களுக்கு வாசிக்கத் தெரியும்தானே. ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? நிழல் போய்விடும் என்றுதானே?

கூட்டுக்குள் இருக்கிற தகட்டையும் வாசித்துவிட்டேன். என் சட்டையை மாட்டுகிற தகடு. கிரேனின் கையை நீட்ட நீட்டத் தூக்குகிற பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று மூன்று பாஷையில் எழுதியிருக்கிறது. இப்போது சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

கிரேன் ஓட்டும் சோதனைக்கு அவரவர் தன்னுடைய சிக்னல்காரனைக் கூட்டி வரலாமாம். பென்சன் எடுத்தவர் என்றாலும் பரவாயில்லையாம். நானா, எனக்கு வேறு யாரைத் தெரியும்? புரட்டாதியில் சோதனை. அசனா உங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும், நான் அனுராதபுரத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
நிக்கலஸ்

திருகோணமலை
2.9.1973

அன்புள்ள நானா, மகள் அசனா,

உன் கடிதம் வந்தது, மகள். யாரிடமும் கொடுக்காமல் நானே வாசித்தேன். வாப்பாவுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது, அவ்வளவு தூரம் பஸ்ஸில் ஏலாது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டாம் முறை வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தால் இப்படியும் ஒரு கரைச்சல் இருக்கிறது.

நானா, நீங்கள் கவலைப்பட வேண்டாம். உப்புவெளித் தம்பிராசா எனக்குக் கை காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர். புத்தகத்தில் உள்ள மாதிரியே காட்டுவார். கரைச்சல் அவரிடம் இல்லை, என்னிடம்தான்.

நம்முடைய சைகைகள் ஒன்றும் புத்தகத்தில் இல்லை நானா. நானும் மக்டலினும் தாள் தாளாகத் தேடிப் பார்த்தோம். தாடியைத் தடவினால் மெல்ல இறக்கு. தோளில் கிடக்கிற துவாயை எடுத்தால் நிறுத்து. தொப்பியில் வலது கையை வைத்தால் பாரம் ஒழுங்காகத் தரையில் இருக்கிறது, நீ இறங்கி வா. இவற்றை நாமாகத்தான் உண்டாக்கியிருக்கிறோம். துறைமுகம் முழுவதும் இப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை பயிற்சிக்கு ஏறினேன். கச்சான் காற்று அனலாய் வீசியது. தேயிலைப் பெட்டிகள் கொக்கியில் தொங்கின. தம்பிராசாவுக்கு வியர்வை. துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் நிறுத்திவிட்டேன். அவர் கையைக் காட்டினார், இறக்கினேன். மறுபடி துடைத்தார், மறுபடி நிறுத்தினேன். கீழே நின்ற போர்மன், நிக்கலஸ் அண்ணன், பெட்டியளைக் காயப் போட்டிருக்கிறியளோ என்று கேட்டார். தம்பிராசா சொன்னது இன்னும் மோசம். நான் முகம் துடைச்சால் நிப்பாட்டுறார், தும்மினால் கடலுக்குள்ளை விட்டிடுவாரோ தெரியாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் இறங்கி வரும்போது கிட்டங்கிப் பக்கம்தான் பார்த்தேன். தோற்றால் துடைப்பக்கட்டைதான்.

வீட்டில் சொன்னேன். மக்டலின் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கப்பிக் கயிற்றைப் பிடிக்க வேண்டும், அவள் தள்ளி நின்று புத்தகச் சைகை காட்டுவாள். ஏற்று, இறக்கு, நிறுத்து. இடையில் வேண்டுமென்றே குசினித் துணியை எடுத்து முகம் துடைப்பாள். வாளி நின்றால் அன்றைக்குத் தேத்தண்ணீருக்குச் சீனி இல்லை. சங்கக்கடையில் சீனி கொஞ்சம்தான் தருகிறார்கள், அதனால் அவளுக்கு இது நல்ல லாபம். முப்பது வருசமா நானும் கை காட்டுறன், ஒரு நாள் திரும்பிப் பார்த்தியளோ, ஸைனுலாப்தீன் அண்ணன் துவாயை அசைச்சால் மட்டும் உங்களுக்கு உலகம் நிக்குது என்று சொன்னாள்.

பக்கத்து வீட்டு அன்னலட்சுமி வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன மக்டலின் அக்கா, உங்களுக்குள்ளை கதை பேச்சு இல்லையோ, கையாலை சண்டை பிடிக்கிறியள் என்று கேட்டாள்.

இப்போது வாளி நிற்பதில்லை. துணியைப் பார்த்தாலும் கை தன்பாட்டில் போகிறது. சந்தோசமான செய்திதான். ஆனாலும் முதன்முதலில் வாளி நிற்காமல் போன அன்று, உங்களிடம் சொல்லாமல் ஏதோ ஒரு பொருளை விற்றுவிட்டு வந்தவன் மாதிரி இருந்தது.

எனக்காக உங்கள் தொழுகையில் ஒரு சொல் கேளுங்கள்.

நிக்கலஸ்

திருகோணமலை
2.10.1973

அன்புள்ள நானா, மகள் அசனா,

நோன்பு தொடங்கிவிட்டது என்று ஜெட்டியில் கலீலுர் றஹ்மான் சொன்னார். நல்ல நாட்களில் இந்தக் கடிதம் வருகிறது. அசனா, கடைசித் தாளை முதலில் பார்க்காதே. நான் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

எழுத்துச் சோதனையில் பெரிய மேசை தந்தார்கள். என் பெயரை நானே எழுதினேன். காற்றுப் பலமாக அடித்தால் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி. பாரத்தை இறக்கி, கிரேனின் கையைக் காற்றோடு திரும்ப விட்டு, நானும் இறங்கி வந்து தேத்தண்ணீர் குடிப்பேன் என்று எழுதினேன். தேத்தண்ணீரை ஏன் எழுதினீர்கள் என்று மக்டலின் ஏசினாள். அதைத்தானே நாம் செய்தோம்.

மறுநாள் கிரேன். சோதனை எடுக்கக் கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர் கீழே நின்றார்கள். அதில் கண்ணாடி போட்டவருக்குத் தமிழ் தெரியும். தம்பிராசா துவாயை வீட்டில் விட்டுவிட்டே வந்திருந்தார், பாவம், கண்ணுக்குள் வியர்வை வழிய நின்றார். தண்ணீர் நிரப்பிய இரும்புப் பீப்பாயைத் தூக்கி, ஜெட்டியில் கீறிய வெள்ளை வட்டத்துக்குள் வைக்க வேண்டும். தூக்கினேன். திருப்பினேன். தம்பிராசா இறக்கச் சொன்னார், இறக்கினேன். வட்டத்துக்கு ஓர் ஆள் உயரம்தான் இருந்தது.

அப்போது துறைமுக வேலிக்கு அப்பால் மூதூர் போகிற லாஞ்சுக்குக் காத்து நின்ற சனத்துக்குள் ஒரு மனிதர். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, சாரத்தை உங்களைப் போலவே உயர்த்திக் கட்டியிருந்தார். அவர் தோளிலிருந்து துவாயை எடுத்தார்.

பீப்பாய் நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை நானா, கை நிறுத்தியது. புத்தளத்திலிருந்து நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். அந்த மனிதர் துவாயால் ஒரு கல்லைத் தட்டிவிட்டு அதில் உட்கார்ந்தார். முகம் வேறு. தம்பிராசா கீழே இரண்டு கையாலும் இறக்கு இறக்கு என்று காட்டிக்கொண்டு இருந்தார். பிறகு இறக்கினேன். பீப்பாய் வட்டத்துக்குள்தான் இருந்தது. ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். துடைப்பக்கட்டையின் நீளத்தைக்கூட யோசித்தேன்.

கண்ணாடிக்காரர் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். துவாயைச் சொன்னேன், உங்களைச் சொன்னேன். அவர் இப்ப எங்கே என்று கேட்டார். புத்தளத்தில் மகளோடு, கண் தெரியாது என்றேன். புத்தளத்திலை இருக்கிற, கண் தெரியாத மனிசர் காட்டின சைகைக்கோ இங்கை பாரம் நிண்டது என்று கேட்டுவிட்டுத் தாளில் ஏதோ எழுதினார். மற்றவருக்குச் சிங்களத்தில் சொன்னார். அவரும் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

நேற்றுச் சோதனை முடிவுத் தாள் வந்தது. மக்டலின் வாங்க வந்தாள், கொடுக்கவில்லை. நானே வாசித்தேன். தேவையில்லாத நிறுத்தம் ஒன்று, அதற்குப் புள்ளி குறைக்கப்பட்டது என்று இருந்தது. அதற்குக் கீழே சித்தி என்று இருந்தது. அந்தச் சொல்லை மக்டலின் எனக்குப் படிப்பிக்கவில்லை, அது சோதனைப் புத்தகத்தில் இல்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். கூட்டி முடிப்பதற்குள் அவள் தோளுக்கு மேலால் பார்த்து, பாஸ் பண்ணிட்டியள் என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். அன்றைக்குத் தேத்தண்ணீருக்கு இரண்டு கரண்டி சீனி.

லைசன்ஸ் வந்துவிட்டது நானா. அறுபது வயது வரை நான் மேலேதான். தம்பிராசா மறுபடி துவாய் போட்டுக்கொண்டு வருகிறார். அவர் துடைத்தால் நான் நிறுத்துவதில்லை. ஆனால் வேலிப் பக்கம் நான் பார்ப்பதில்லை.

அசனா, இனிச் சொல்வது உனக்கு. இதைச் சத்தமாக வாசித்து முடித்த பிறகு உன் வாப்பாவைப் பார். வலது கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்து எனக்கு எழுது. மடியில் இருந்தால் பரவாயில்லை, நோன்பு திறந்து அவர் ஆறுதலாக இருக்கும்போது இன்னொரு முறை வாசித்துக் காட்டு. அவர் தொப்பியில் கையை வைக்கும் வரை எனக்கு இந்தப் பாரம் இறங்காது. அதுவரை நான் மேலேயே இருக்கிறேன்.

உங்கள் எல்லோரையும் ஆண்டவர் காப்பாராக.

நிக்கலஸ்