நிமிடத்துக்கு ஒரு துளி

1995 மார்ச் 3, வெள்ளி

மல்வேர்ன் வாழ் தமிழ் மக்களுக்கு அறியத்தருவது: அபிஷன் ஆகிய எனக்குப் பதினைந்தாம் வயதில் மீசை முளைத்துள்ளது. அம்மா மட்டும், "முகத்தைக் கழுவடா" என்றார். பொறாமை.

அண்ணா மரியோ பல்கலைக்கழகத்தில் நிலக்கரியை ஆராய்கிறான். வீட்டு மேசையிலும் ஒரு கட்டி கிடக்கிறது. அவன் கரியைக் காதலிக்கிறான்; பேராசிரியர் அவனைக் கரித்துக்கொட்டுகிறார்.

மார்ச் 4, சனி

அண்ணா என்னை ஆய்வுகூடத்துக்கு ஒளித்துக் கூட்டிப்போனான். கரித்தூளில் அசிட் விட்டு ஒட்சியேற்றம். நிமிடத்துக்கு ஒரு துளி. கொட்டாவி வந்தது.

அண்ணா சொன்னான்: "மெல்ல உடைச்சாத்தான்ரா, துண்டுகளைப் பாத்து முழுசு எப்பிடி இருந்ததெண்டு சொல்லலாம். அவசரப்பட்டா எல்லாம் புகைதான். உந்தக் குழாயிலை கை வைக்காதை, வாறன்."

மார்ச் 6, திங்கள்

அண்ணாவின் வலக்கை முழுக்கக் கட்டு. அம்மாவிடம் சுடுதண்ணீர் என்று சொல்லியிருக்கிறோம். உண்மை இதோ: பஸ் தரிப்பில் பக்கத்து அஜின்கோர்ட் பகுதிப் பெடியள் மூவர் உடைந்த போத்திலால் கிழித்தார்கள். நான் ஒருவனின் மூக்கை உடைத்தேன். பள்ளியில் நான்கு தடவை சொன்னேன். நான்காவது தடவை மூக்கு இரண்டு.

மார்ச் 7

அகஸ்ரின், என் வகுப்பின் சண்டியன், விடவில்லை. "ஆள் எப்பிடி? அடையாளம் சொல்லு."

"சிவப்பு ஜக்கெற்" என்றேன்.

மார்ச் 8

சிவப்பு ஜக்கெற் எத்தனை பேரிடம் இருக்கும்?

மார்ச் 9, வியாழன்

டோனட் கடையின் பின்பக்கம். அங்கே கோப்பை கழுவும் பெடியன். சிவப்பு ஜக்கெற். அகஸ்ரினும் நாலு பேரும், கூடவே நானும். பேஸ்போல் மட்டை வாயில் பட்ட சத்தம் — பனிக்கட்டி வெடிப்பதுபோல. பனியில் பல் கிடந்தது. பெடியன் தமிழில் கேட்டான்: "நான் என்ன செய்தனான்?"

மட்டையை என் கையில் திணித்தார்கள். "உன்ரை அண்ணாவுக்காக அடியடா."

அடிச்சன். முழங்காலிலை. ஏன் அடிச்சன்?

மார்ச் 11, சனி

அந்தப் பெடியனின் பெயர் பிரசாந்.

போத்தில் இல்லை. பஸ் தரிப்பில் யாரும் இல்லை. அன்று ஆய்வுகூடத்தில் அண்ணா வெளியே போனதும் பகிடிக்கு அசிட் குழாயின் திருகை முழுக்கத் திறந்தேன். குடுவை பொங்கிச் சீறியது, மண்ணிறப் புகை. ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டான். அசிட் அவன் கையில். என்னைக் கூட்டிப்போனது தெரிந்தால் அவன் படிப்பே போய்விடும். அதனால்தான் சுடுதண்ணீர்.

நான் யாருடைய மூக்கையும் உடைத்ததில்லை. என் முதல் அடி பிரசாந்தின் முழங்கால்.

இன்று அண்ணாவிடம் அழுது சொன்னேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "என்ரை படிப்பைப் பிறகு பாப்பம். வெளிக்கிடு."

ஆஸ்பத்திரியில் பிரசாந்தின் தாய், புனிதவதி அன்ரி, உட்காரக் கதிரையைத் தள்ளித் தந்தார். எனக்கு வார்த்தைகள் எல்லாம் ஒன்றாக முட்டின.

அண்ணா காதுக்குள், "மெல்ல. ஒண்டொண்டாச் சொல்லு" என்றான்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன், மீசையிலிருந்து தொடங்கி. அதுவும் அண்ணாவின் மேசைக் கரிதான்.