எட்டாவது கோயில்

அம்மா,

உன் கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோயிலுக்கு மட்டும் எடுத்துப்போவாயே, ஜிப்பு பாதி வழியில் சிக்கிக்கொள்ளும் அந்தக் கறுப்புப் பை. திறந்ததும் மெழுகு வாசனை, கூடவே விபூதி வாசனை. எரிந்து மிச்சமான மெழுகுவத்தித் துண்டுகளை நீ வீசியதே இல்லை, கரண்ட் போனால் ஆகும் என்பாய். அந்தத் துண்டுகள் மேலெல்லாம் விபூதி அப்பிக் கிடக்கிறது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு ஒரு விபூதிப் பொட்டலத்தைச் சரியாக மடிக்கத் தெரியவில்லை. ஜெபமாலை மணிகளுக்கு நடுவிலும் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. ஊதிப் பார்த்தேன். போகவில்லை.

"செத்தும் வேலை வைக்கிறியே" என்று வாய்விட்டே சொன்னேன். கேட்க யார் இருக்கிறார்கள்? போன மழைக்காலத்தில் உன்னை அடக்கம் செய்ததிலிருந்து வீட்டில் நான் ஒருத்திதான்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் என்றால் நமக்கு நடை. சாந்தோமில் மாலைப் பூசை முடிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்புவாய். ஏழு கோயில் சந்திக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மண்டியிட்டு, ஒரு வேண்டுதல் சொல்லி, எழுந்து அடுத்ததற்கு. லஸ்ஸில் காட்டுக்கோயில், அப்புறம் சந்துக்குள்ளே இருக்கிற சின்னச் சின்னக் கோயில்கள், கடைசியில் எப்போதும் சின்னமலைக் குகைக்கோயில். அத்தனையும் நடைதான். பஸ்ஸில் ஏறினால் வேண்டுதல் செல்லாது என்று உனக்கு ஒரு சட்டம். எனக்குக் காலில் கொப்புளம் போட்டு நான் நொண்டிய வருஷம், "சிலுவை தூக்கிட்டுப் போனவர் என்ன செருப்பா போட்டிருந்தார்?" என்று கேட்டாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நீ. முன்னால் நடந்துகொண்டேதான் கேட்டாய்.

ஏழு கோயிலிலும் வேண்டுதல் ஒன்றேதான். அண்ணன் வர வேண்டும். கனடாவுக்குப் போன ஜெரோம் ஒரே ஒரு தடவை வந்து வாசலில் நிற்க வேண்டும். போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசினான். பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். பிறகு ஒரு கேக் படம், அதுவும் யாரோ அனுப்பியதை நமக்குத் தள்ளிவிட்டது. நீ அதை நம் கோயில் பங்கில் எல்லோரிடமும் காட்டினாய். புதிதாக வந்த சாமியாரிடம் என்னையும் அறிமுகப்படுத்தினாய். "பையன் கனடாவுல இருக்கான் ஃபாதர். இது வீட்டுல இருக்கு."

இது. நான் இது, அம்மா. பீரோ, ஃபிரிட்ஜ், ரெஜினா.

அவன் வரவில்லை என்றதும் நீ ஏழு கோயிலோடு நிற்கவில்லை. வடக்கு மாட வீதியில் பூ விற்கும் தேவகியக்கா ஒருநாள் உன்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா டீச்சரம்மா, உங்க சாமிக்கு மட்டுந்தான் ஏழு கோயிலா? நம்ம மயிலாப்பூர்லயும் ஈஸ்வரன் கோயிலு ஏழு கீது. ஒரே நாள்ல சுத்திட்டு வா. புள்ள எங்க இருந்தாலும் இஸ்துக்கினு வந்து வுட்ருவாரு." அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமையே என்னை ஆபீசுக்கு லீவு போட வைத்தாய். கபாலி கோயிலில் ஆரம்பித்து வெள்ளீஸ்வரர், காரணீஸ்வரர், வாலீஸ்வரர் என்று வெயிலில் ஒவ்வொன்றாக. மெட்ரோவுக்காகத் தெருவையெல்லாம் தோண்டி, தகரம் அடைத்து வைத்திருந்தார்கள். நீ அதைச் சுற்றிக்கொண்டு சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தாய். வெள்ளீஸ்வரர் சந்நிதியில் தீபாராதனை காட்டியதும் பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுவிட்டாய். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். நீ அவரை முறைத்த முறைப்பில் மனுஷன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நானும் சிரித்தேன். உன்னோடு இருந்து சிரித்த நாட்கள் கொஞ்சம்தான், அதில் அது ஒன்று. ஆனால் அன்றைக்கே அதுவும் போயிற்று.

அடுத்துப் போனது ஏழில் மிகச் சின்னக் கோயில். கூட்டமே இல்லை. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கும்மா?" என்றார்.

"ஜெரோம்."

அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. "கோத்திரம் தெரியாட்டாப் பரவாயில்லை, சிவகோத்திரம்னு சொல்லிக்கலாம். நட்சத்திரம்?"

நீ முழித்தாய். நம் வீடுகளில் ஞானஸ்நானம் கொடுத்த தேதி கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம், நட்சத்திரத்துக்கு எங்கே போவது? அண்ணன் அப்பா வேலைக்குப் போன இடத்தில், வேற்றூரில் பிறந்தவன். நான்தான் மயிலாப்பூரில் பிறந்தேன். அன்றைக்கு வீட்டுக்கார மாமி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, "சதயம்டி, டீச்சர். பொண்ணு தீர்க்காயுசா இருப்பா" என்றாளாம். அதை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். நீ எனக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது, அதுவும் மாமி சொன்னது.

குருக்கள் காத்துக்கொண்டிருந்தார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கடையில் சில்லறை இல்லாதபோது என் பர்ஸைப் பார்ப்பாயே, அதே பார்வை.

"சதயம்" என்றாய்.

அம்மா, தட்டில் வைக்கிற தேங்காயை நான்தான் சுமந்து வந்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. வெளியே வந்ததும், "அது என் நட்சத்திரம்மா" என்றேன். "சும்மாதானே கிடக்கு" என்றாய். கைக்குட்டையால் நெற்றி விபூதியைத் துடைத்துக்கொண்டே சொன்னாய், பங்கு ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. அதற்குப் பிறகு வருஷாவருஷம் அந்தச் சுற்று நடந்தது. ஏழு ஈஸ்வரன்மார் முன்னாலும் அவன் பெயர், என் நட்சத்திரம்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். விட முடியாதது ஒன்று இருக்கிறது.

என் மார்பில் கட்டி தெரிந்த வருஷம். அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஈஸ்டர் கழித்து வாருங்கள், ரிசல்ட் சொல்கிறோம் என்றார்கள். நடுவில் பெரிய வியாழன் வந்துவிட்டது. நான் உன்னோடு நடந்தேன். ஒவ்வொரு கோயிலாக முடிய முடிய மிச்சம் எத்தனை என்று எண்ணிக்கொண்டே வந்தேன். சைதாப்பேட்டைப் பக்கம் திரும்பியபோது, சின்னமலை ஒன்றுதான் பாக்கி. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அம்மா, இந்தக் கடைசிக் கோயில் மட்டும் எனக்காக வேண்டிக்கோம்மா. ஒண்ணே ஒண்ணு."

நீ நின்றாய். யோசிக்கிறாய் என்று நினைத்தேன். செருப்பில் கல் சிக்கியிருந்தது, அதை உதறத்தான் நின்றிருக்கிறாய்.

"ஏழும் அவனுக்குன்னு நேர்ந்துக்கிட்டது. அதுல கை வைக்கக் கூடாது. உனக்கு வேணும்னா எட்டாவதா ஒரு கோயில் போய்க்கலாம். அடுத்த வருஷம் பார்க்கலாம், கால் வலிக்காம இருந்தா."

சொல்லிவிட்டு நடந்துவிட்டாய். சின்னமலையில் குகைக்குள் குனிந்து போனாய். நான் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்காக நானே வேண்டியிருக்கலாம். வாய் வரவில்லை. பெற்றவளே வேண்டாத ஒருத்திக்கு மாதா மட்டும் இறங்கி வருவாளா என்று இருந்தது.

ரிசல்ட்டில் ஒன்றுமில்லை. வெறும் கொழுப்புக் கட்டி. வீட்டுக்கு வந்து சொன்னேன். "அதான் நான் கவலையே படல" என்றாய். மீன் வாங்கி வந்தாயா என்று கேட்டாய்.

நீ படுக்கையில் விழுந்த பிறகும் அவன்தான். கழுவி, துடைத்து, கஞ்சி ஊட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டே, "வந்துட்டானா?" என்பாய். டிக்கெட் கிடைக்கவில்லையாம் என்றால், "பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ" என்பாய். கரண்டி என் கையில்தான் இருந்தது. எனக்குப் பாவம் பார்க்க உனக்கு வாய் வரவில்லை.

அவன் உன் அடக்கத்துக்கும் வரவில்லை. போனில் பார்த்தான். யாரோ ஒரு பையன் உன் பெட்டிக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் குரல் கேட்டது: "கொஞ்சம் லெஃப்ட்ல திருப்புப்பா, அம்மா மூஞ்சி தெரியல." நீ காலெல்லாம் தேயத் தேய நடந்து வாங்கிய பலன் அது. ஆசை தீரப் பார்த்துக்கொள் என்று உன்னிடம் மனதுக்குள் சொன்னேன். எனக்கு அன்றைக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

இப்போது உன் பாடு கஷ்டம், தெரியுமா? உத்தரிக்கிற ஸ்தலத்தில், மோட்சத்துக்கு முன் பாவம் கழியக் காத்திருக்கும் ஆத்துமாக்கள் தங்களுக்காகத் தாங்களே வேண்டிக்கொள்ள முடியாது, உயிரோடு இருப்பவர்கள்தான் வேண்ட வேண்டும் என்று ஞாயிறு வகுப்பில் நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். உனக்கு யார் இருக்கிறார்கள்? அவனா? அவன் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டான். உனக்கு மிஞ்சியது நான். வீட்டில் இருக்கிற இது.

போன வாரம், பெரிய வியாழனன்று, உன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். சாந்தோம், காட்டுக்கோயில், எல்லாம் அதே வரிசை. செருப்புப் போட்டுக்கொண்டுதான். ஒவ்வொரு கோயிலிலும் மண்டியிட்டபோது உன் முகம் வந்தது, தாகமாக இருக்கும்போது தண்ணீர்ச் செம்பைப் பார்ப்பாயே, அந்த முகம். ஏழிலும் எனக்காகத்தான் வேண்டினேன். சின்னமலைக் குகையில் கொஞ்சம் தடுமாறினேன். உன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

இன்று காலை அந்தச் சின்னக் கோயிலுக்கும் போனேன். தேவகியக்காவிடம் பூ வாங்கினேன். "டீச்சரம்மா பூட்ட பொறவு நீ இந்தாண்ட வரவே மாட்டேன்னு நெனச்சேன்" என்றாள். குருக்கள் தட்டை வாங்கியதும் அவரே ஆரம்பித்தார், மனப்பாடமாக இருக்கிறது அவருக்கு.

"ஜெரோம், சிவகோத்திரம், சதய நட்சத்திரம். அதானே?"

"பேரை மட்டும் மாத்துங்க சாமி. ரெஜினா. நட்சத்திரம் அதேதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ இத்தனை நாளா உங்க நட்சத்திரத்துக்கா பண்ணிண்டு இருந்தேன்?" என்றார். உள்ளே போய்ச் சமஸ்கிருதத்தில் என் பெயரை நீட்டி வளைத்துச் சொன்னார். என் பெயரை ஒருவர் சாமி முன்னால் சத்தமாகச் சொல்லி இன்றுவரை நான் கேட்டதில்லை, அம்மா. நின்ற இடத்திலேயே அழுதேன். அடக்கத்தன்று வராத அழுகை. உனக்காக அழுததாக நினைத்துக்கொள்ளாதே.

இன்று குருக்கள் கொடுத்த விபூதிப் பொட்டலத்தை வைக்கத்தான் இந்தப் பையைத் திறந்தேன். நான் நன்றாகவே மடித்திருக்கிறேன், சிந்தாது. உன் மெழுகுவத்தித் துண்டுகளையும் வீசவில்லை, இருக்கட்டும்.

உனக்காக நான் வேண்டவே மாட்டேன் என்று சொல்லவில்லை. ஏழும் எனக்கென்று நேர்ந்துகொண்டேன், அதில் கை வைக்கக் கூடாது. உனக்கு வேண்டுமானால் எட்டாவதாக ஒரு கோயில் இருக்கிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம், கால் வலிக்காமல் இருந்தால்.

ரெஜினா