மாப்பிள்ளையின் மெதுப்பந்து

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை மூன்று டிகிரி. மழையோடு கொஞ்சம் பனி. ரத்த அழுத்தம் (ர.அ.) 142/84. சற்றுக் கூடுதல். காரணம் காப்பி, அல்லது மகள் சுதாவின் போன்.

செய்ய வேண்டியவை: கண் சொட்டு மருந்து. நூலகப் புத்தகம் (இரண்டு நாள் தாமதம்). சலவை. குளியலறைக் குழாய் சொட்டுவதைக் கட்டடப் பொறுப்பாளரிடம் சொல்ல. மூன்றாவது வாரமாக இந்த வரி இங்கே இருக்கிறது.

சுதா ஒன்பது மணிக்குப் பேசினாள். மாப்பிள்ளை எரிக்கைச் சனிக்கிழமை சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு சிறிய பேஸ்பால் குழு. எரிக்குக்கு ஆகஸ்ட் வந்தால் நாற்பது. போன செப்டம்பரில் நியூ ஜெர்சிக் குழு விட்டுவிட்ட பிறகு வந்திருக்கும் ஒரே அழைப்பு.

"இதுதான்ப்பா கடைசி. எடுக்கலைன்னா ஜூன்லேருந்து புரோசார்ட்ல அவர் அண்ணன் கடைக்குப் போறாராம். தரை ஓடு விக்க."

"நல்ல வேலைதானே" என்றேன்.

"நல்ல வேலைதான். நான் அதைச் சொல்லலை."

மாலை நோட்டுகளை எடுத்துத் தூசி தட்டினேன். ஒன்பது. அவர்களுக்குக் கல்யாணமான முதல் வருடம் எரிக் எங்களைத் தன் ஆட்டம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்க் குழு நன்றாக ஆடியபோது எழுந்து கைதட்டிவிட்டேன், அதுவும் பிட்சரின் (பந்து எறிபவரின்) மாமனார். என் மனைவி கமலா, அப்போது இருந்தாள், வீடு வரும்வரை சிரித்தாள். அந்த வெட்கத்தில் தொடங்கியது இந்த நோட்டுப் பழக்கம். ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் மண் மாதிரிகளுக்குச் செய்ததைத்தான் செய்கிறேன்: ஒரு பந்துக்கு ஒரு வரி. வகை, வேகம், என்ன ஆயிற்று. பாதி நேரில் பார்த்து, பாதி கணினியில்.

முதல் நோட்டின் உள்ளட்டையில் எரிக் ஆடிய ஊர்ப் பட்டியல், வருடா வருடம் சேர்த்தது. ஃபுளோரிடா (பத்தொன்பது வயது; கேட்டு எழுதியது). அயோவா. டெக்சஸ், இரண்டு ஊர். பெரிய லீக், ஒரு செப்டம்பர், பதினோரு நாள். வெனிசுவேலா, குளிர்காலம் மட்டும். மறுபடி டெக்சஸ். தைவான். மெக்சிகோ. ஆஸ்திரேலியா. மெக்சிகோ, வேறு ஊர், ஜூலையோடு நிற்கிறது. இத்தாலி. நியூ ஜெர்சி.

முதல் மெக்சிகோவுக்குக் கமலா ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்பினாள். பெட்டியில் உடைந்து கிளவ் (பந்து பிடிக்கும் தோல் கையுறை) முழுக்க ஊறிவிட்டது. அந்த வருடம் முழுவதும் பெருங்காய வாசனையோடு எறிந்தார். எதிரில் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் தினம் மூக்கைப் பிடித்துக்கொள்வாராம். கமலாவிடம் மட்டும் "ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தை" என்று சொல்லியிருக்கிறார். உண்மை எங்களுக்குத் தெரிய நாலு வருடம் ஆயிற்று.

ஏப்ரல் 23, புதன்

வெயில். கார் நிறுத்தத்தில் இருந்த பனி மேடு கறுத்து, ஒரு மேசை அளவுக்கு வந்துவிட்டது. ர.அ. 146/86. நூலகம் போய் வந்தேன். அபராதம் கேட்கவில்லை, அந்தப் பெண் சிரித்தாள்.

எழுதினால் தெளிவு வரும் என்று ஒரு விஷயத்தை எழுதிப் பார்க்கிறேன்.

மூன்று வருடம் முன்பு, இத்தாலி ஆட்டம், கணினியில். நோட்டில் "மெ." என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். பந்து இன்னும் எரிக் கையில் இருந்தது.

மெ. என்றால் மெதுப்பந்து. வேகப்பந்துக்கு வீசுவது போலவே கையை வீசுவார், பந்து மட்டும் மெதுவாக வரும். அடிப்பவன் ஏமாந்து முன்னதாகவே மட்டையைச் சுழற்றிவிடுவான். இளமையில் அவருக்கு வேகம் இருந்தது. முப்பத்தைந்துக்கு மேல் இந்த ஒரு பந்துதான் அவருக்குச் சோறு போட்டது. எறிவதற்கு முன் இந்தப் பந்தைப் பற்ற, கையைக் கிளவுக்குள் வைத்து விரல்களை அகட்ட வேண்டும். அப்போது அவருடைய கிளவ் ஒரு விரற்கடை விரிகிறது. வேகப்பந்துக்கு விரிவதில்லை. என் கண் அதைக் கவனித்து, என்னைக் கேட்காமலே கைக்குச் சொல்லியிருக்கிறது.

பழைய பதிவுகளை எடுத்து, எறிவதற்கு முன் படத்தை நிறுத்தி, ஐம்பது பந்துக்குச் சோதித்தேன். நாற்பத்து மூன்று சரி. கண்புரை உள்ள எனக்கே தெரிகிறது. மட்டையோடு எதிரில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா.

சொல்லவில்லை. ஏன்:

1. நான் ஒரு பந்தைக்கூட எறிந்ததில்லை.
2. தவறாக இருக்கலாம். ஐம்பது போதாது. (பிறகு இருநூறு செய்தேன். அதே விகிதம்.)
3. மாப்பிள்ளை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளையிடம் குறை சொல்கிற வழக்கம் இல்லை. என் அக்கா வீட்டுக்காரர் வந்தால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அவர் தப்பான ரயில் நேரத்தைச் சொன்னாலும் அப்பா அதே நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவதுதான் உண்மையான காரணம். மற்ற இரண்டும் அதற்குத் துணை.

சலவை அறையில் ராசரத்தினம். கீழ்த்தளத்தில் இருப்பவர், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். என்னை 'சேர்' (சார்) என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன சேர், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு."

சொன்னேன். எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் போர்வையைப் பாதி மடித்தபடி நின்றார்.

"அப்ப மூண்டு வருசமாத் தெரியும். வாயைத் திறக்கேல்லை."

"மாப்பிள்ளை இல்லையா."

"அதுக்கு? நான் போய்ச் சொல்லுறன். எனக்கு அவர் மருமோன் இல்லைத்தானே."

"வேண்டாம் வேண்டாம்."

"பயப்பிடாதேங்கோ சேர், பகிடிக்குச் சொன்னனான். என்ர மருமோனுக்கு நான் ஒரு நாளைக்குப் பத்துக் குறை சொல்லுவன். அவன் ஒண்டையும் கேக்கிறேல்லை. ரெண்டு பேரும் சந்தோசமா இருக்கிறம்." போர்வையை மடித்து முடித்தார். "சனிக்கிழமைக்கு முதல் சொல்லுங்கோ. பேந்து சொல்லி என்ன பிரயோசனம்."

ஏப்ரல் 24, வியாழன்

ஒன்பது டிகிரி, காற்று. மெட்ரோவில் வில்லரே, சுதா வீடு. எலுமிச்சை சாதம் ஒரு டப்பா. சொல்வதற்கென்று ஒரு சீட்டில் மூன்று வாக்கியம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

"சாப்பிட்டாச்சா மாமா?" வாசலிலேயே. அவருக்கு வரும் தமிழில் இது முதல் வாக்கியம். எங்கள் மற்ற பேச்சு ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

டெபனேரில், மூலைக் கடையில், பால் வாங்கப் போனோம். பையை இடது கையில் வாங்கிக்கொண்டார். எப்போதும் இடதுதான். எறிகிற வலது கையால் பை, பெட்டி, கனமான கதவு எதுவும் கிடையாது. குளிர்காலத்தில் சுதாதான் பனி அள்ளுவாள்.

சாப்பாட்டுக்குப் பின் தொடங்கினேன். "உங்கள் கிளவ்..."

"கயிறெல்லாம் மாற்றினேன். நன்றாக இருக்கிறதா?"

"நன்றாக இருக்கிறது" என்றேன்.

சீட்டு பையிலேயே திரும்பி வந்தது.

இரண்டாவது மெக்சிகோ ஏன் ஜூலையோடு நிற்கிறது என்பதை நோட்டில் எங்கேயும் எழுதவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். கமலாவுக்கு நோய் என்று சுதா சொன்ன மூன்றாம் நாள் எரிக் இங்கே இருந்தார். நான் நெடுஞ்சாலையில் கார் ஓட்டமாட்டேன், பயம். ஏழு வாரம் அவர்தான் சிகிச்சைக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். ஒரு நாள் இந்தக் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. எங்களுடையது மூன்றாம் மாடி. குனிந்து அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டார். கமலா, "அந்தக் கை வேண்டாம்ப்பா, அந்தக் கை வேண்டாம்" என்றாள்.

"இது வேற எதுக்கு இருக்கு அத்தை" என்றார். தமிழில்.

நான் பின்னால் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மெக்சிகோக் குழு அவர் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டது. அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. அவருக்கு நான் கொடுத்தது மரியாதை. அந்த மரியாதைதான் இப்போது அவர் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

பதினொரு டிகிரி. ர.அ. பார்க்கவில்லை.

பத்து மணிக்கு மறுபடி வில்லரே. வீட்டுக்குப் பின்னால் சந்தில் வலை கட்டி எறிந்துகொண்டிருந்தார். சீட்டை எடுத்தேன், திரும்பப் பையில் வைத்தேன். வலைக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் கிளவை மார்புக்குக் கொண்டுவந்தார்.

"வேகம்" என்றேன்.

எறிந்தார். வேகப்பந்து. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வேகம்." சரி.

"மெது." சரி.

நாலாவதுக்குப் பிறகு சிரிக்கவில்லை. பத்து பந்து. ஒன்பது சரி. பத்தாவது எறிந்துவிட்டு அப்படியே நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்மணி துணி உலர்த்திக்கொண்டே "போன்ஜூர்" என்றாள்.

கிளவைக் காட்டினேன். விரல் அளவைக் காட்டினேன்.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"மூன்று வருடம்."

கிளவைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் எனக்குத் தேவலை.

சுதா வந்தாள்.

"ஏம்ப்பா?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படிம்மா..."

"ரெண்டு ஊர்ல வேலை போய் வந்து இந்தச் சோபாவுல உக்காந்திருந்தார். நீங்க மாப்பிள்ளைக்கு டீ போட்டுக் குடுத்தீங்க. சக்கரை சரியா இருக்கான்னு கேட்டீங்க."

உண்மை. கேட்டேன்.

"வீட்டுக்குப் போய்ட்டுப் போன் பண்ணுங்க" என்றாள். மெட்ரோ வரை கூட வந்தாள்.

மதியம் தயிர் சாதம், பாதி. சொன்னது சரியா தெரியவில்லை. சோதனைக்கு முதல் நாள் ஒரு மனிதனைக் கலைத்துவிட்டேனோ.

ஏப்ரல் 26, சனி

காலை ஆறே முக்கால். போன். "மாமா, கீழே இருக்கேன். நோட்டு கொண்டு வாங்க."

ஒன்பதாவது நோட்டு, இரண்டு பேனா, தொப்பி. மாத்திரை மறந்துவிட்டேன்.

காரில் பாலம் தாண்டியதும் பேச ஆரம்பித்தார். இத்தாலியில் அடிப்பவர்கள் அவர் மெதுப்பந்துக்குக் காத்திருந்து அடித்தார்களாம். கையில் விசை போய்விட்டது, வயதாகிவிட்டது என்று தீர்மானித்துவிட்டாராம். நியூ ஜெர்சியிலும் அதே. கைக்கு மூன்று டாக்டர், இரண்டு ஊசி.

"மூன்று வருடமாக என் கை செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

நான் சாலையைப் பார்த்தேன்.

"நீங்கள் சொல்லியிருக்கலாம் மாமா."

"ஆமாம். சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கணும்."

"கோபமாக இருக்கிறேன்."

"சரி."

"நேற்று ரொம்பக் கோபம். இன்று கொஞ்சம்." பிறகு, "கை சாகவில்லை என்று நேற்றுதான் தெரிந்தது. எதற்குக் கோபப்படுவது, எதற்குச் சந்தோஷப்படுவது என்று புரியவில்லை. சுதாவோ, 'ரெண்டும் படு, ஆனா கார் ஓட்டும்போது வேண்டாம்' என்றாள்."

நேற்று மாலை சந்தில் எறிந்து பார்த்தார்களாம், சுதா போனில் படம் எடுத்தாளாம். விரல் அகலுவதை மறைக்க முடியவில்லை. அதனால் எல்லாப் பந்துக்கும் கிளவை விரித்துவிடுவதென்று முடிவு. வேகப்பந்துக்கும் அதே விரிவு. எனக்குத் தோன்றாத வழி.

மைதானத்தில் ஈரம். பயிற்சியாளர் எரிக்கைவிடச் சின்னவர், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே கைகுலுக்கினார். எனக்கு வலைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி. "நீங்கள் யார்?" என்று பிரெஞ்சில் கேட்டார். நான் தடுமாறுவதற்குள் எரிக், "என் மாமனார். என்னுடைய எல்லாப் பந்தும் அவரிடம் இருக்கிறது" என்றார்.

அடிப்பவர்கள் ஆறு பேர், மாறி மாறி. கார் கதவைச் சாத்தும்போதே எரிக் சொல்லியிருந்தார்: எறிவதற்கு முன் எழுதுங்கள். எழுதினேன். கிளவ் ஒவ்வொரு முறையும் விரிந்தது. என் கண்ணுக்குப் பிடி கிடைக்கவில்லை. இருபத்து நாலு பந்து. பதிமூன்று தப்பு. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

உயரமான ஒருவன் மெதுப்பந்துக்கு அவ்வளவு முன்னதாகச் சுழற்றினான், மட்டை ஒரு சுற்று சுற்றி முடிந்த பிறகு பந்து அவனைத் தாண்டிப் போனது. ஹெல்மெட் கண்ணுக்கு இறங்கிவிட்டது. அந்த வரியில் நானும் "வே." என்றுதான் எழுதியிருந்தேன். அடித்துத் திருத்தவில்லை.

திரும்பும்போது நோட்டை வாங்கி, காரை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். தப்புகளை விரலால் எண்ணினார். திங்கட்கிழமை சொல்வார்களாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மழை. ர.அ. 134/80. குழாயைப் பற்றிப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன். "முன்பே சொல்வதற்கென்ன" என்றார். எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.

ராசரத்தினம் இரண்டு முறை வந்து கேட்டார். "இன்னும் தெரியாதோ?"

ஏப்ரல் 28, திங்கள்

பதினாலு டிகிரி, வெயில். பனி மேடு போய், இடத்தில் ஒரு சைக்கிள் பூட்டு, ஒற்றைக் கையுறை.

மதியம் வரை போன் இல்லை. இரண்டு. மூன்று. நாலரைக்கு அழைப்பு மணி. எரிக் நேரில்.

எடுத்திருக்கிறார்கள். ஜூலை கடைசி வரை. அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்களாம். முதல் ஆட்டம் மே நடுவில். பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்தேன்.

ஒழுங்காக நன்றி சொல்ல வேண்டும் என்று எழுந்து நின்றேன். கமலாவைப் பற்றி, படியைப் பற்றி. பாதிதான் வந்தது. "தெரியும் மாமா, உட்காருங்க" என்றார்.

காப்பி போட்டேன். சர்க்கரை சரியா என்று கேட்கவில்லை. அவரே, "அதிகம். பதினைந்து வருடமாக அதிகம்" என்றார்.

பிறகு ஒன்பதாவது நோட்டை மேசையில் வைத்து, "வேறு என்ன தெரியும் உங்களுக்கு? எல்லாவற்றையும் சொல்லுங்கள்."

பதினோரு விஷயம் குறித்து வைத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

முதலாவது: எதிர்க் குழு ஓட்டக்காரர் முதல் தளத்தில் (பேஸ்) நின்றால் எரிக் அவசரப்படுகிறார். சரி என்றார். இரண்டாவது: மழை ஆட்டங்களில் பந்து உயரமாகப் போகிறது. எல்லோருக்கும் அப்படித்தான் என்றார். அவருடைய ஆட்டங்களில் மற்ற பிட்சர்களின் எண்களையும் காட்டினேன். முனகினார். மூன்றாவது சின்ன விஷயம்.

நாலாவது: முதல் பந்தை எப்போதும் வேகமாகத்தான் எறிகிறார், அடிப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

"அது தப்பு மாமா. அது திட்டம்."

"நூற்றில் எண்பத்தொன்று. அது பழக்கம்."

"நீங்கள் எறியும் மேட்டில் நின்றதில்லை."

"இல்லை. எண்ணியிருக்கிறேன்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, இரண்டு பேருக்கும். சுதா போன் செய்தாள், எடுக்கவில்லை. காப்பி ஆறிப்போயிற்று. ஆறு மணி ஆயிற்று. நாலாவதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.