காகேஹா அம்மாவின் பேச்சு

கிழக்குத் தாம்பரம்,
12.2.1967

அன்புள்ள வேதசிரோமணி சாருக்கு,

தேவகிருபையால் இங்கே எல்லாரும் சுகம். கென்யாவில் மரகோலிப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் உங்கள் சுகத்துக்காக அப்பா தினமும் ஜெபிக்கிறார்.

உங்கள் பக்கத்து வீட்டு காகேஹா அம்மா சந்தையில் களைக்கொத்தை வைத்துச் சொல்லும் மரகோலிச் சொலவடை ஒன்றை எழுதியிருந்தீர்களே, அதை மார்க்கெட்டில் காய்கறிக்காரி தனத்திடம் சொல்லிப் பார்த்தேன். கத்தரிக்காய் விலையைக் குறைக்கவே மாட்டேன் என்றாள். காகேஹா அம்மா செய்வதாக நீங்கள் எழுதியபடியே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, எனக்குப் பேச்சில்லை என்பதுபோலத் தமிழில் சொன்னேன். "இன்னா டீச்சர், இத்த யார்கிட்ட கத்துகினு வந்தீங்கோ? நல்லா கீதே" என்று சிரித்து, ஒரு கை கூடவே போட்டாள். சொல்லின் அர்த்தம் தெரிந்தால் போதாது, யார் யாரிடம் எப்போது சொல்வது என்பதுதான் விஷயம் என்று எழுதினீர்கள். உண்மைதான் சார்.

காலையில் ரயிலில் கண்ணை மூடினால் நீங்கள் எழுதிய பாறைக்குன்றும் மத்தியான மழையும்தான் வருகின்றன. வாழைத்தோட்டத்துக்கு நடுவே யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருக்கும். போன வாரம் பல்லாவரத்தில் இறங்க மறந்து மீனம்பாக்கம் போய்விட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் முறைத்தார்கள்.

இனி எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்பா, ஐசக் என்று ஒரு வரனைப் பற்றிப் பேசுகிறார். ரயில்வேயில் வேலை. நீங்கள் கப்பலேறும்போது ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மனதில் ஏதாவது இருந்தால் அப்பாவுக்கு எழுதுங்கள்.

உங்கள்
ரத்தினபாய்


மரகோலி,
9.3.1967

அன்புள்ள ரத்தினபாய் டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பெரிய மழை. வாசல் எல்லாம் சிவப்புத் தண்ணீர். அந்த மழையோடு காகேஹா அம்மாவின் மகளைப் பெண் கேட்க அவர்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

பெண் வேண்டும் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. வந்த கிழவர் பசுவையும் அது நடக்கும் பாதையையும் வைத்து ஒரு சொல் சொன்னார். காகேஹா அம்மா மழையைப் பற்றி இன்னொன்று சொன்னார்கள். புகை கூரைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. மழை விடும்போது எல்லாம் முடிவாகிவிட்டது என்றார்கள். எனக்குக் கனவு கண்டு எழுந்ததுபோல் இருந்தது.

இவ்வளவு அழகாகக் கேட்க முடியும்போது நாம் ஏன் கடைச்சரக்கு கேட்பதுபோல் கேட்க வேண்டும்? அந்தக் கிழவரின் சொல்லையே தமிழில் அழகாக எழுதி, இன்று உங்கள் அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். உங்களுக்குப் புரியும்.

அன்புடன்,
வேதசிரோமணி


கிழக்குத் தாம்பரம்,
2.4.1967

அன்புள்ள சாருக்கு,

எனக்குப் புரிந்தது. அப்பாவுக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நம்ம வேதசிரோமணி தம்பி ஆப்பிரிக்காவிலேர்ந்து நல்ல கருத்து ஒண்ணு அனுப்பியிருக்கார்" என்று உங்கள் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்துவிட்டார். பசு, பாதை, எல்லாம். புஷ்பம் அக்கா, "பிரசங்கத்துக்கு ஆகும் அண்ணே, சபை ஐயர்கிட்ட குடுங்க" என்றார்கள். அப்பா அதற்காக ஒரு ஜெபமும் செய்தார்.

நான் அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். பாதி காபியைக் கீழே கொட்டிவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால் என்னைப் பெண் கேட்டார்கள், அது எனக்கு மட்டும் தெரியும். சார், அந்த நிமிஷம் நான் இந்த ஊரில் இல்லை. அதுவே போதும் என்றுகூடத் தோன்றுகிறது.

ஆனால் போதாது. ஐசக் வீட்டார் மே மாதமே கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்கிறார்கள். மூன்று ஞாயிறு இரண்டு பேர் பெயரையும் வாசித்துவிட்டால் பிறகு யார் என்ன சொல்ல முடியும்? அழகு கிடக்கட்டும். அப்பாவுக்கு நேராக எழுதுங்கள். எனக்கும் எழுதுங்கள். யாருடைய சொல்லும் வேண்டாம், உங்கள் சொல்லில்.

உங்கள்
ரத்தினபாய்


மரகோலி,
17.4.1967

அன்புள்ள ரத்தினபாய்,

நீ கேட்டபடி நேராகவே எழுதுகிறேன். உன் அப்பாவுக்கும் இதே தபாலில் எழுதிவிட்டேன்.

எனக்கு இங்கே தனியாகக் காலம் தள்ள முடியவில்லை. சோளமாவுக் களி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சமையல் ஆள் நிலைக்கமாட்டேன் என்கிறான். கல்யாணமானவர்களுக்குப் பள்ளியில் பெரிய வீடு தருவார்கள். நீ அமைதியானவள், எதிர்த்துப் பேசமாட்டாய், என் சுபாவத்துக்குப் பொருந்துவாய். இங்கே நீ வேலைக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை. உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்துக்கொள்வேன்.

வரும்போது புளியும் மிளகாய்ப்பொடியும் நிறைய எடுத்து வா. பக்கத்து வீட்டுக்காரியோடு மட்டும் அதிகம் ஒட்ட வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி, எதற்கெடுத்தாலும் ஒரு சொல் வைத்திருப்பாள். கேட்க நன்றாக இருக்கும், வீட்டுக்கு ஆகாது.

என்றும் உன்,
வேதசிரோமணி


கிழக்குத் தாம்பரம்,
7.5.1967

அன்புள்ள வேதசிரோமணி சாருக்கு,

அப்பாவுக்கு உங்கள் கடிதம் ரொம்பப் பிடித்துவிட்டது. "பையன் இப்பத்தான் ஒழுங்கா எழுதியிருக்கான்" என்று ஐசக் வீட்டாருக்கு அன்றே ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் எனக்கு வந்த கடிதத்தைப் போகும்போதும் வரும்போதும் ரயிலில் படித்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. என்னை நன்றாகத்தான் வைத்துக்கொள்வீர்கள். நான் கேட்டதைத்தான் நீங்கள் செய்தீர்கள், அதனால் உங்கள்மேல் கோபப்படவும் வழியில்லை.

ஆனால் சார், இதை எழுதியவரை எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் நான் ஸ்டேஷன் மறந்து உட்கார்ந்திருந்தது யாருடைய பேச்சைக் கேட்டு என்று யோசித்துப் பார்த்தேன். சந்தையில் பேசியது, மழைக்கு நடுவே பதில் சொன்னது, எல்லாம் அந்த அம்மாள். தபாலில் போட்டது மட்டும் நீங்கள்.

நான் வரவில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை. நானும் நிறைய அழுதேன், உங்களிடம் மறைப்பானேன்.

ஒரே ஒரு உதவி. பக்கத்து வீட்டுக்குப் போய், தாம்பரத்தில் ஒருத்தி உங்களை விசாரித்தாள் என்று சொல்லுங்கள். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுத வேண்டாம்.

ரத்தினபாய்